பெயர் நறுக்கிய பத்தி

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் தலைசுற்றல் குறைந்ததா? காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மாமா ஞாபகப்படுத்துகிறாரா, இல்லை அவரும் சேர்ந்து மறந்துவிடுகிறாரா?

எனக்கு விடுதியில் மாடிக் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அது நிறைந்து வழிகிற சத்தத்தில்தான் இங்கே விடிகிறது. கூட இருப்பவளுக்குச் சுருள்முடி. எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிடுகிறார்கள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பேராசிரியர்கள். வந்த அன்றைக்கே "உங்க வீட்ல யாரு லிட்ரேச்சர்?" என்று கேட்டாள். "எங்கப்பா பஸ் மெக்கானிக்" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல பெண்தான். நாள் முழுக்கப் பேசுகிறாள். நான் பதிலே சொல்வதில்லை என்பதை இன்னும் கவனிக்கவில்லை.

ரயில் நகரும்வரை அப்பா கேட்டுக்கொண்டே வந்தாரே, "இங்கிலீஷ்லதான் டிகிரி வாங்கியாச்சே, இன்னும் ரெண்டு வருஷம் அதுல என்னம்மா பாக்கி?" என்று. எனக்குத் தெரிந்ததும் எழுதுகிறேன் என்று சொல். இப்போதைக்குப் பாடத்திட்டம் என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கவிதை, நாடகம், மொழியின் வரலாறு, விமரிசனம் என்று போகிறது. படித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டு ஓனர் வீட்டுக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொன்னால் அவர்கள் குடும்பமே சுற்றி நின்று கேட்கும். அதனால் கடிதமே எழுதுகிறேன். நீயும் எழுது.

உன் தங்கை


ஜூலை 24

என் வாயில்லாப் பூச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைசுற்றல் போய்விட்டது, இப்போது தூக்கம் வந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு நானே கண்ணை மூடிவிட்டேன். அவர் எல்லா வரியையும் படித்து முடித்து, "சரியாம்மா?" என்று கேட்ட பிறகுதான் விழித்தேன். சரி என்றேன். பாவம், அவருக்கு என்ன பவரோ. உனக்கு எம்.ஏ. இங்கிலீஷ், எனக்கு ஐந்து வரி இங்கிலீஷ். இரண்டு பேரும் அதை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

வயிற்றில் இருப்பவருக்கு உன் மாமா பெயர் வைத்துவிட்டார்: கீழ்வீட்டுக் குடித்தனக்காரர். லிஃப்ட் ரிப்பேர் பார்த்துப் பார்த்து அவருக்கு மனிதர்களே மாடி மாடியாகத்தான் தெரிகிறார்கள். ஜனவரியில் குடித்தனக்காரர் வெளியே வருவார். அதற்குள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். இரண்டு சட்டையும் ஒரு துண்டும்தான் இப்போதைக்கு. தினமும் ஒருமுறை திறந்து பார்த்து மூடுகிறேன். அதைப் பார்த்து அப்பா, "தட்டு ஓடிப் போயிடாதும்மா" என்கிறார்.

அப்பா டிப்போவில் எல்லோரிடமும் நீ இங்கிலீஷ் படிப்பதாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். "ஏன், இன்னும் படிக்க வரலையா?" என்று கேட்டுவிட்டார்களாம். சீக்கிரம் ஒரு பதில் அனுப்பு. மனிதர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்.

உன் அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி? குடித்தனக்காரர் எப்படி?

அப்பாவுக்குப் பதில் எழுதப் பார்த்தேன், முழுசாக வரவில்லை. பாதியை எழுதுகிறேன். ஒரு வகுப்பில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம் நடத்துகிறார்கள். பார்த்தால் ஆங்கிலம் என்றே சொல்ல மாட்டாய். தெரிந்த ஊரில் ராத்திரி கரண்ட் போனமாதிரி, தடவித் தடவிப் போக வேண்டியிருக்கிறது. இன்னொரு வகுப்பில் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒலிகளைச் சொல்ல வேண்டும், எது அதிர்கிறது, எது அதிரவில்லை என்று பார்க்க. அந்த வகுப்பு எனக்குப் பிடிக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போடுவதால் நான் வாயை மட்டும் அசைத்தால் போதும். நாவல் வகுப்பில், கதை சொல்கிறவனை நம்பாதே என்கிறார்கள். கதையையே அவன்தான் சொல்கிறான். அவனை நம்பாமல் யாரை நம்புவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வகுப்பில் இதுவரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது சொல்கிற "எஸ் சார்" தவிர.

எல்லோரும் பயப்படுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை நாங்கள் கத்தரி சார் என்கிறோம். ஒரு கவிதையையோ பத்தியையோ தாளில் கொண்டுவருவார். எழுதியவர் பெயர், தேதி, தலைப்பு எல்லாவற்றையும் கத்தரியால் நறுக்கிவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார். "யார் எழுதினாங்கன்னு தெரிஞ்சா நீங்க படிக்க மாட்டீங்க. கும்பிடுவீங்க, இல்லன்னா திட்டுவீங்க. தாள்ல என்ன இருக்கோ அத மட்டும் பாருங்க" என்பார். வகுப்பில் டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார், பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படிக்க வந்தவர். அவர் மட்டும்தான் கத்தரி சாருக்கு பயப்படாமல் பேசுகிறார்.

அரையாண்டுக்குள் ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டுவந்து வகுப்பு நடத்த வேண்டுமாம்.

உன் தங்கை


செப்டம்பர் 6

என் வாயில்லாப் பூச்சிக்கு,

எல்லோரும் சுகம். நீ இளைத்துவிடாதே.

குடித்தனக்காரர் உதைக்க ஆரம்பித்துவிட்டார். முதல் உதை கடையில், ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருக்கும்போது. நான் 'ஆ' என்றதும் அவர் பயந்து, "விலை ஜாஸ்தியாம்மா?" என்றார். வீட்டில் உன் மாமா கதவை உதைத்துச் சாத்துகிறார், உள்ளே இவர் உதைக்கிறார், அப்பா ரேடியோவைத் தெருவுக்கே வைக்கிறார். நடுவில் நான். அப்பா தினமும் காலையில் என் வயிற்றைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்கிறார். கேட்டால், "சித்திக்காரி வர்றதுக்குள்ள நாலு வார்த்தை தெரிஞ்சிருக்கட்டும்" என்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். அதன் துணிகளையெல்லாம் நம் கொடியில்தான் காயப்போடுகிறாள். கைக்குட்டை அளவில் வரிசையாகச் சட்டைகள். வேலையிலிருந்து வந்ததும் காய்ந்ததை நான்தான் எடுத்து மடித்துக் கொடுக்கிறேன். பழகிக்கொள்கிறேன்.

உன் கத்தரி சாரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவருக்கு பயந்து நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் நானே ஒரு கத்தரியோடு வருவேன். ஒரு தடவை பேசு. தப்பாகவாவது பேசு.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உனக்கு எப்படி இருக்கிறது?

சிரிக்காதே. நூலகத்தில் விமரிசனப் புத்தகங்களுக்கு நடுவே யாரோ தப்பாகச் செருகி வைத்த ஒரு புத்தகம் கிடைத்தது. கர்ப்பகாலம் பற்றியது. படிக்க வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் படிக்கிறேன். குடித்தனக்காரருக்கு இப்போது காது கேட்குமாம். கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுங்கள். அப்பாவின் ரேடியோவைக் கேட்டு, செய்தி வாசிப்பவர்தான் தாத்தா என்று நினைத்துக்கொள்ளப் போகிறது. என் கடிதத்தை நீ சத்தமாகப் படி. சித்தியின் குரலும் காதில் விழட்டும். எழுத்தில் நான் நன்றாகவே பேசுவேன்.

எப்படி இருக்கிறார்? எத்தனை உதை? விவரமாக எழுது.

உன் தங்கை


அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் எங்கேயாவது தொலைந்திருக்கும். எல்லோரும் நலம்தானே? உனக்கு எழுத முடியாவிட்டால் மாமாவை இரண்டு வரி எழுதச் சொல். குடித்தனக்காரர் இடத்தை அடைத்துக்கொண்டு உன்னைக் குனிய விடமாட்டேன் என்கிறாரா? புத்தகத்தின்படி இப்போது கண்ணைத் திறந்து மூடுவார்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன் ஒரு வாரம் லீவு. வருகிறேன்.

உன் தங்கை


நவம்பர் 8

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. உடனே எழுத முடியவில்லை, வேலை. கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நடுவில் கொஞ்ச நாள் லீவு போட்டிருந்தேன், இப்போது மறுபடி போகிறேன்.

வீட்டில் இப்போது எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். கதவை உதைத்துச் சாத்துகிற உன் மாமா, இப்போது தாழ்ப்பாளுக்கே வலிக்காமல் சாத்துகிறார். அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்கிறார், உலகச் செய்தியெல்லாம் இப்போது அவர் ஒருவருக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரி நம் கொடியில் துணி போடுவதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன், மாடியில் வெயில் நன்றாக அடிக்கிறதாம். இத்தனை நாள் இங்கே அடித்த வெயில் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. நேற்று அலமாரியைச் சுத்தம் செய்தேன். மேல்தட்டும் நடுத்தட்டும் துடைத்தாகிவிட்டது. கீழ்த்தட்டைத் திறக்கவில்லை. அது சுத்தமாகத்தான் இருக்கும்.

லீவுக்கு வர வேண்டாம். வீட்டு ஓனர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறார், சாமான்கள் எல்லாம் நடுவில் கிடக்கும். அங்கேயே இருந்து படி. பரீட்சை முக்கியம்.

அப்பா உன்னை விசாரித்தார். மாமாவும்.

உன் அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்ததும்தான் நிம்மதியாயிற்று. ஆனால் கோபமும் இருக்கிறது. இந்த நிலைமையில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்க வேண்டுமா? மாமா ஒன்றும் சொல்வதில்லையா? வீட்டில் எல்லோரும் உன்னை ராணி மாதிரி வைத்துக்கொண்டு சத்தம்கூடப் போடாமல் நடக்கும்போது, நீ ஏன் கடைக்கு ஓடுகிறாய்? குடித்தனக்காரரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தூங்குமூஞ்சி ஆகிவிட்டாரா? இப்போது தலையில் முடி முளைத்திருக்குமாம். சுருட்டையிடம் சொன்னேன். "முடி சுருட்டையா இருந்தா என் பேர வைக்கணும்" என்கிறாள்.

லீவுக்கு வரவில்லை. உன் பேச்சைக் கேட்கிறேன்.

ஒரு சேதி. கத்தரி சார் வகுப்பில் என் முறை வந்துவிட்டது, டிசம்பர் இரண்டாம் தேதி. எனக்குத் தோதான ஒரு விதி அதில் இருக்கிறது. தாளைக் கொண்டுவந்தவர் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள்தான் பேச வேண்டும். புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை, யார் எழுதியதாகவும் இருக்கலாம். எல்லோரும் பெரிய பெரிய ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் உன்னைக் கொண்டுபோகிறேன். போன கடிதத்தில் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தி. அதைப் படிக்கும்போதெல்லாம் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டேன். தாழ்ப்பாளுக்கு வலிக்காமல் என்பதை மட்டும் எப்படி எழுதினாலும் வரமாட்டேன் என்கிறது. பயப்படாதே, உன் பெயரை நறுக்கிவிடுவேன்.

என் அக்கா எப்படி எழுதுகிறாள் என்று அவர்களும் கொஞ்சம் பார்க்கட்டும்.

உன் தங்கை


நவம்பர் 29

அன்புள்ள தங்கைக்கு,

சௌக்கியம். உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது.

அந்தப் பத்தியை எடுக்காதே. வேறு எதையாவது கொண்டுபோ. ஏதோ எழுத வேண்டுமே என்று எழுதியது அது. நாலு பேருக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி அதில் ஒன்றுமில்லை. சொன்னால் கேள்.

அக்கா


டிசம்பர் 4

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகவே கேட்கிறேன். உண்மையைச் சொல்.

உன் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. வகுப்பு நேற்று முன்தினம் முடிந்துவிட்டது.

தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போய் மூலையில் உட்கார்ந்தேன். முதலில் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், "அந்த வீட்ல அம்மாதான் ஹிட்லர். எல்லாரும் நடுங்கறாங்க" என்றான். சுருட்டை, "இல்ல, கொஞ்ச நாள் முன்னாடி பெரிய சண்டை நடந்திருக்கு. இப்ப எல்லாரும் தாஜா பண்றாங்க" என்றாள். கத்தரி சார் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

அப்புறம் டீச்சரம்மா தாளை மேசைமேல் வைத்தார். "எனக்கு இதுல சிரிப்பு வரல சார்" என்றார். "நல்லா இருக்கற ஒருத்தருக்காக யாரும் இப்படிக் கதவு சாத்த மாட்டாங்க. இந்தப் பொண்ணச் சுத்தி எல்லாரும் நுனிக்கால்ல நடக்கறாங்க."

"சரி. பக்கத்து வீட்டுக்காரி ஏன் துணிய எடுத்துட்டாங்க?" என்றார் சார்.

"அது என்ன துணின்னு இவங்க சொல்லவே இல்லையே. மத்ததெல்லாம் சொல்றாங்க. அது இவங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் அந்தம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க. அது இவங்களுக்கும் தெரியும். அந்தக் கீழ்த்தட்டையும் பாருங்க. திறக்காமலே சுத்தமா இருக்கும்கறாங்க. இது யாரோ இல்லாமப் போன வீடு சார். போனது பெரியவங்க இல்ல. பெரியவங்கன்னா ஒரு தட்டு பத்தாது."

நான் எழுந்து நின்றேன். விதி எல்லாம் மறந்துபோயிற்று. "தப்பு. இது எங்க அக்கா. அவங்க மாசமா இருக்காங்க. அதனாலதான் எல்லாரும் சத்தம் போடாம..." என்றேன். தமிழில்தான் சொன்னேன். அந்த வகுப்பில் நான் பேசிய முதல் பேச்சு அது. பாதியிலேயே நான் சொல்வது எனக்கே கேட்டுவிட்டது, அக்கா. அந்தத் துணி யாருடையது என்று நீ செப்டம்பரிலேயே எழுதியிருந்தாய். கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது என்பதும் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கத்தரி சார் ஒவ்வொரு மேசையாகப் போய் எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கினார். அடுக்கி என் கையில் கொடுத்து, "இது வகுப்புக்கு வேண்டாம்மா. நீயே வெச்சுக்கோ" என்றார்.

வாசலில் இருக்கிற பூத்திலிருந்து உங்கள் வீட்டு ஓனர் வீட்டுக்குப் போன் செய்தேன். ஓனரம்மாதான் எடுத்தார். உன்னைக் கூப்பிடச் சொல்லத் தைரியம் வரவில்லை. "எங்கக்கா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன். "இப்பப் பரவால்லம்மா, தேறிட்டாங்க" என்றார். வைத்துவிட்டேன்.

உன்னைத் தெரியாதவர்கள் ஒரே ஒருமுறை படித்துக் கண்டுபிடித்ததை, நான் எத்தனை முறை படித்துச் சிரித்தேன். உன் கடிதத்தை ஊர் நடுவில் வைத்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். பரீட்சை பதினேழாம் தேதி முடிகிறது. வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். வரட்டுமா?

உன் தங்கை


டிசம்பர் 13

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு தேறிவிட்டது. ஓனரம்மா சொன்னது சரிதான்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதில் எழுதவே கூடாது என்று இருந்தேன். நான் என் புருஷனிடம்கூடப் பேசாததை, முன்பின் தெரியாத ஒரு கூட்டம் உட்கார்ந்து பேசியிருக்கிறது. ஆனாலும் அந்த டீச்சரம்மா சொன்னதை மட்டும் மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள். கடையில் மத்தியானம் வரைக்கும் வேலை மும்முரம். உட்கார்ந்தபோதுதான், காலையிலிருந்து ஓர் உதையும் இல்லை என்று உறைத்தது. உன் மாமா வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் கருவியை வைத்துத் தேடினார்கள், துடிப்பு இல்லை. அதற்குப் பிறகும் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்றார்கள். பெற்றேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று இவர்களை மிரட்டி வைத்தது நான்தான். பரீட்சை இருக்கிறது, பாவம் என்று காரணம் சொன்னேன். அது பொய். பெயின்ட்டும் பொய். அக்டோபரில் நீ எழுதிய கடிதம், நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மேசைமேல் இருந்தது. குடித்தனக்காரருக்குக் காது கேட்கும், சத்தமாகப் படி என்று எழுதியிருந்தாய். சத்தமாகவே படித்தேன். அப்புறம் கண்ணைத் திறந்து மூடும் என்று எழுதினாய். அப்புறம் முடி. இந்த வீட்டில் எல்லாம் நின்றுபோயிருந்தது. உன் கடிதத்தில் மட்டும் அது வளர்ந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஜனவரிக்கு என்ன செய்வதாக இருந்தாய் என்று கேட்காதே. நான் யோசிக்கவே இல்லை.

இங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டால் உடைந்துபோவேன் என்று பயம். அதன் முகத்தைப் பார்த்தது நானும் உன் மாமாவும் மட்டும்தான், நாங்களும் பேசிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்றே, யார் ஜாடை, யார் ஜாடை என்று சண்டை போடுகிறார்கள். என்னிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சரி, விடு.

நீ பரீட்சையை நன்றாக எழுது. குளிர் காலம், தலையை ஈரத்தோடு முடியாதே.

உன் அக்கா

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வகுப்பில் என் பத்திக்கு எத்தனை மார்க்?


டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கடைசிப் பரீட்சையும் முடிந்தது. அங்கே எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பத்திக்கு மார்க் போடவில்லை. எனக்குத்தான் போட்டார்கள். விதியை மீறிப் பேசியதற்காகப் பாதியைக் குறைத்துவிட்டார் கத்தரி சார். பாக்கிப் பாதி, பேசினேன் என்பதற்காகவாம்.

உன் கடிதத்தை இந்தத் தடவை, யாரோ எனக்குத் தெரியாத ஒருத்தி எழுதியது மாதிரி நினைத்துக்கொண்டு படித்தேன். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரொம்ப நேரம் தயங்கினேன். வருத்தப்படாதே.

ஆணா, பெண்ணா? யார் ஜாடை, அக்கா?

உன் தங்கை


டிசம்பர் 22

என் வாயில்லாப் பூச்சிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இந்தத் தடவை இதை நம்பலாம்.

உன் கடிதம் வந்தபோது மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். சத்தமாகவே படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். அப்பா, "ஒரு கேள்வி கேக்கக் கத்துக்கத்தான் ரெண்டு வருஷமா? இத டிப்போல எப்படிம்மா சொல்றது?" என்றார். சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்து, கேட்காமலே வாசலில் போய் நின்றார். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நான் சமையலறைக்குப் போனேன், உன் மாமா பின்னாலேயே வந்தார். அவராகவே, "நெத்தி என்னோடது" என்றார். "கிடையவே கிடையாது, அது எங்கப்பாவோட நெத்தி" என்றேன். "நீ மயக்கத்துல இருந்த, நான்தான் சரியாப் பாத்தேன்" என்றார். "நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்றேன். குரல் ஏறிவிட்டது. இரண்டு பேருக்கும் அழுகை வேறு. கடைசியில், "உங்கிட்ட மனுஷன் பேச முடியுமா" என்று சொல்லிவிட்டுக் கதவை ஓர் உதை உதைத்துச் சாத்திக்கொண்டு போனார். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நிஜமாகவே இப்போது பெயின்ட் அடிக்க வேண்டும்.

சீக்கிரம் கிளம்பி வா. கீழ்த்தட்டை நீ வந்த பிறகு திறக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

பெண்தான். நெற்றி யாருடையது என்பது இன்னும் தீரவில்லை. மூக்கு உன்னுடையது. அதில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையில்லை.

உன் அக்கா